கடனும் பொய்யும்: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அடுத்த தலைமுறை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த பிள்ளைக்கு ராணுவ ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வேலை வருகிறது. கிளியரன்ஸ் கிடைத்தால்தான் உறுதி என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. பழைய கிரெடிட் கார்டு பாக்கியும், ஒரு வருடம் விட்டுப்போன வரிக் கணக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கும். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் வழக்கறிஞர் இல்லை. அரசின் விதிகளையும் வெளியான தீர்ப்புகளையும் படித்து எழுதுகிறேன். கிளியரன்ஸ் தர மறுக்கும் காரணங்களைச் சொல்லும் குற்றச்சாட்டு நோட்டீஸே உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால், இதை மூடிவிட்டு இந்தத் துறை தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

கிளியரன்ஸ் என்பது என்ன? நானே விண்ணப்பிக்கலாமா?

நாட்டின் ரகசியத் தகவல்களைப் பார்க்க ஒருவர் நம்பத்தகுந்தவர் என்று அரசு எடுக்கும் முடிவுதான் கிளியரன்ஸ். கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படிகள். நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசுத் துறையோதான் உங்களை அனுப்ப வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. பின்னணி விசாரணைகளில் பெரும்பாலானவற்றை 2019 அக்டோபர் முதல் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள டிசிஎஸ்ஏ நடத்துகிறது.

முடிவெடுப்பதற்கு அளவுகோல், 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் 13 வழிகாட்டு நெறிகள். அமெரிக்காவின் மீதான பற்று, வெளிநாட்டுத் தொடர்பு, மது, போதைப்பொருள் என்று பட்டியல் போகும். இந்தப் பக்கத்துக்கு வேண்டியவை இரண்டு. 'எஃப்' பணவிஷயம் பற்றியது, 'இ' சொந்த நடத்தை பற்றியது. பொய், மறைப்பு, அரைகுறை உண்மை எல்லாம் 'இ'யில்தான் வரும்.

நாட்டு ரகசியத்துக்கும் என் கிரெடிட் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரொனால்ட் பெல்டன், அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் வேலை பார்த்தவர். 1979ல் திவால் மனு கொடுத்தார், வேலையையும் விட்டார். 1980ல் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குப் போனார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. தலைக்குள் இருந்ததையே விற்றார். ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் சோவியத் கேபிளில் அமெரிக்கர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ரகசியமும் அதில் ஒன்று. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 35,000 டாலர். கோடிக்கணக்கில் செலவழித்து அமைத்த ஏற்பாடு ஒரு காரின் விலைக்குப் போனது.

சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் கதை இன்னும் பிரபலம். விவாகரத்துச் செலவு, புது வாழ்க்கையின் செலவு என்று கடன் கழுத்தை நெரித்தபோது, 1985 ஏப்ரலில் சோவியத் ஆட்களை அணுகினார். பிறகு கை தாராளமானது. ஆர்லிங்டனில் 5,40,000 டாலர் வீட்டை முழுப் பணமும் கட்டி வாங்கினார், ஜாகுவார் கார் ஓட்டினார். மனைவி கொலம்பியாக்காரர், அங்கே மாமனார் வீட்டில் வசதி என்று சொல்லி வைத்திருந்தார், அலுவலகமும் நம்பியது. 1994 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். அதனால்தான் இன்றைய விதியில் தீராத கடனோடு, காரணம் சொல்ல முடியாத திடீர் வசதியும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

1967 முதல் கடற்படை ரகசியங்களை விற்ற ஜான் வாக்கரும் ஓடாத மதுக்கடை ஒன்றின் கடனில் மாட்டியவர்தான்.

ஆனால் கடன் வாங்கியவர்களெல்லாம் உளவாளி ஆகிவிடுவதில்லை என்பது அரசுக்கும் தெரியும். விதி சொல்லும் காரணங்களில் பணத்துக்காகத் தவறான வழியில் இறங்கும் ஆபத்து ஒன்று. மற்றொன்று வேறு மாதிரியானது. வரவுக்கு மீறிச் செலவழிப்பவர், வாங்கியதைத் திருப்பிக் கட்டாதவர், விதிகளை மதிக்கும் ஒழுங்கு இல்லாதவராக இருக்கலாம், அப்படிப்பட்டவர் ரகசியத்தையும் அதே அலட்சியத்தோடு கையாளலாம் என்பது அந்த வாதம். நடைமுறையில் ஆட்களை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த வாதம்தான். ஏழைக்கு இது கொஞ்சம் கொடுமையாகவே படும். மருத்துவமனை பில் ஒன்றே குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் நாட்டில், கடன் வந்ததை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது எனக்கும் உறுத்துகிறது. விதியின் அடுத்த பாதி அந்த உறுத்தலுக்குக் கொஞ்சம் பதில் சொல்கிறது, கீழே வரும்.

எவ்வளவு கடன் இருந்தால் மறுப்பார்கள்?

அப்படி ஒரு தொகை கிடையாது. கிரெடிட் ஸ்கோர் இத்தனைக்குக் குறையக்கூடாது என்றும் விதியில் இல்லை. வீட்டுக் கடன் ஐந்து லட்சம் டாலர் இருந்து, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. மூவாயிரம் டாலர் கார்டு பாக்கியை நான்கு வருடம் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் கேட்பார்கள். கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டீர்களா, ஏன் விட்டீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

படிவத்தில் பணம் பற்றி என்னென்ன கேட்கிறார்கள்?

எஸ்எஃப்-86 என்ற படிவம். நூறு பக்கத்துக்கும் மேல் வரும், இப்போது இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். அதன் 26ஆம் பிரிவு பணத்துக்கானது. அலட்சியமாக ஓட்டிப் படிக்கக்கூடாத பிரிவு இது.

கடந்த 7 ஆண்டுகளில் திவால் மனு கொடுத்தீர்களா? வரிக் கணக்கு தாக்கல் செய்யாமலோ வரி கட்டாமலோ விட்டீர்களா? அலுவலகம் கொடுத்த கார்டை முறைகேடாகப் பயன்படுத்தினீர்களா? பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் பாக்கி உண்டா? கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்போ, சொத்தின் மீது கடன்காரரின் உரிமைப் பிடியோ உண்டா? காரையோ வீட்டையோ கடன்காரர் எடுத்துக்கொண்டாரா? கணக்கு கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போனதா? வசூலாகாது என்று வங்கி எழுதித் தள்ளியதா? வாடகை கட்டாமல் வீட்டிலிருந்து வெளியேற்றினார்களா? சம்பளத்தில் பிடித்தம் வந்ததா? எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் தவணை தவறியதா? இப்போது தவறிக்கொண்டிருக்கிறதா? சூதாட்டக் கேள்வியில் மட்டும் 7 ஆண்டு என்ற எல்லை கிடையாது. எப்போதாவது சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்ததா என்று கேட்கிறார்கள்.

ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் யாருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு, எப்போது தொடங்கியது, ஏன், இப்போது நிலை என்ன, தீர்க்க என்ன செய்தீர்கள் என்று கட்டங்கள் திறக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உங்கள் வாதம் தொடங்குகிறது. 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுத வேண்டிய நிலையில் படிவத்தைத் திறக்காதீர்கள். வேலைக்கு ஆஃபர் வந்த அன்றே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்துப் பாருங்கள். விசாரணை அதிகாரி பார்க்கப்போகும் அதே கணக்குகளை நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். மூன்றையும் பாருங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

என்ன காரணம் சொன்னால் ஏற்பார்கள்?

விதியே வரிசையாகச் சொல்கிறது. வேலை போனது, தொழில் படுத்தது, எதிர்பாராத நோய், குடும்பத்தில் மரணம், விவாகரத்து, கொள்ளை வட்டிக்காரரிடம் ஏமாந்தது, உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியது. உங்கள் கைமீறி நடந்தவை இவை. ஆனால் விதி அதோடு நிற்பதில்லை. அந்தச் சூழலில் நீங்கள் பொறுப்போடு நடந்துகொண்டீர்களா என்றும் கேட்கிறது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தார், தவணை தவறியது, சரி. வேலை கிடைத்து மூன்று வருடம் ஆன பிறகும் கடன்காரருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை என்றால், வேலை போன கதை அந்த மூன்று வருடத்துக்குப் பதில் ஆகாது.

கடன் உங்களுடையதே இல்லை, அல்லது பில் தவறு என்றால் மறுக்கவும் இடம் உண்டு. வாயால் மறுத்தால் போதாது. எழுதிய கடிதம், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதில், புகார் எண் என்று காகிதம் வேண்டும்.

விசாரணைக்கு முன் எல்லாக் கடனையும் அடைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இதைப் பலர் நம்புவதில்லை. நியாயமான திட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதன்படி நிஜமாகவே சில அடிகள் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருப்பது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கட்ட வேண்டியதில்லை. முதலில் சின்னதை முடித்து, பிறகு பெரியதற்குப் போகலாம். மாதம் 150 டாலர் என்றாலும், பதினாலு மாத ரசீது தொடர்ச்சியாக இருந்தால் அதற்கு எடை உண்டு. கிளியரன்ஸ் வந்தவுடன் கட்டுகிறேன் என்ற வாக்குறுதிக்கு எடை இல்லை.

எப்போது தொடங்கினீர்கள் என்பதும் பார்க்கப்படும். நோட்டீஸ் வந்த பிறகு அவசர அவசரமாகக் கட்டினால், வேலைக்குப் பயந்து கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்காகக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். மதிப்பு குறையும், அவ்வளவுதான்.

குறுக்கு வழி என்று நினைத்துச் சிலர் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாத கடன் 7 ஆண்டு கழித்துக் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிடும். மாநிலச் சட்டப்படி வழக்குப் போடும் காலக்கெடுவும் முடிந்துவிடும். கடன்காரர் நீதிமன்றம் போக முடியாது என்பது சரி. ஆனால் காலம் ஓடும்வரை காத்திருந்ததை நல்லெண்ணத்தோடு கடனைத் தீர்த்ததாக வாரியம் ஏற்பதில்லை. வங்கி கடனை ரத்து செய்து, அதைக் காட்டும் 1099-சி என்ற வரிப் படிவத்தை அனுப்பினாலும் இதே கதைதான். கூடவே அந்தத் தொகை உங்கள் வருமானமாகக் கணக்காகி அதற்கும் வரி கேட்கும். ரத்தான கடனைப் பற்றி நிம்மதியாக இருந்து, அந்த வரியைக் கட்டாமல் விட்டு, இரண்டாவது சிக்கலைத் தேடிக்கொள்பவர்கள் உண்டு.

திவால் மனு கொடுத்தால் கதை முடிந்ததா?

இல்லை. சட்டம் கொடுத்த வழி அது, தானாகவே மறுப்பு ஆகாது. ஆனால் திவால் சட்டத்தின் சாப்டர் 7ல் கடன் அழிந்ததை மட்டும் காட்டி, நான் நல்லெண்ணத்தோடு தீர்த்துவிட்டேன் என்று சொன்னால் வாரியம் தலையாட்டாது. ஏன் அங்கே போக நேர்ந்தது, அதற்குப் பிறகு கணக்கு வழக்கு எப்படி இருக்கிறது என்பதே எடுபடும். சாப்டர் 13ல் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டி முடித்தவரின் நிலை இன்னும் வலுவானது. மனு கொடுத்த பிறகு மறுபடி புதுக் கார்டுகளில் பாக்கி ஏறியிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

வரி பாக்கி சாதாரணக் கடன் மாதிரிதானே?

அதைவிட மோசம். பண வழக்குகளில் நீதிபதிகளின் பொறுமை சீக்கிரம் தீர்ந்துபோவது இங்கேதான். கடன்காரர் தனியார் வங்கி என்றால் ஒரு மாதிரி. உங்களை நம்பி ரகசியத்தைக் கொடுக்கப்போகும் அரசுக்கே கணக்குக் காட்டாதவர் என்றால், அந்த அரசின் மற்ற விதிகளை மதிப்பார் என்று எப்படி நம்புவது என்று தீர்ப்புகளில் கேட்கிறார்கள்.

கட்டாமல் விட்டதையும் தாக்கல் செய்யாமல் விட்டதையும் பிரித்துப் பாருங்கள். பணம் இல்லாமல் வரி கட்ட முடியாமல் போவது நடக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யப் பணம் வேண்டாம். ரீஃபண்டுதான் வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் தாக்கல் செய்யாமல் இருந்தவர்கள், அரசுக்கு ஒரு காசும் பாக்கி இல்லாமலேயே மாட்டிக்கொள்கிறார்கள். தாக்கல் செய்ய மேலும் அவகாசம் கேட்கும் 4868 படிவமும் கட்டுவதற்கான நேரத்தை நீட்டாது. ஏப்ரல் கெடுவுக்குள் பணம் போயாக வேண்டும்.

விட்டிருந்தால் எல்லா வருடத்துக்கும் தாக்கல் செய்யுங்கள். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸோடு தவணை ஒப்பந்தம் போட்டு, தவறாமல் கட்டுங்கள். வரித்துறையோடு ஏற்பாடு செய்து அதன்படி நடப்பவருக்கு விதியில் தனியாகவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நிரூபிக்க, ஐஆர்எஸ் தன் பதிவிலிருந்து தரும் டிரான்ஸ்கிரிப்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; நீங்கள் கையெழுத்துப் போட்ட ரிட்டர்ன் நகல் மட்டும் இருந்தால், அது அனுப்பப்பட்டதா என்ற கேள்வி மிஞ்சும்.

ஊரில் இருக்கும் கணக்கு, நிலம், கைமாற்று எல்லாம் இதில் வருமா?

வரும். நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, விவரமாகவே சொல்கிறேன்.

படிவத்தின் 20ஏ பிரிவு வெளிநாட்டுச் சொத்துகளைக் கேட்கிறது. சென்னையில் உங்கள் பெயரில் உள்ள ஃபிளாட், என்ஆர்இ கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், பங்குகள் எல்லாம் எழுத வேண்டியவை. மனைவி அல்லது கணவர் பெயரில் இருப்பதும் சேரும். சொத்து இருப்பது தப்பே இல்லை, ஏராளமானோருக்கு இருக்கிறது. வெளிநாட்டவர் யாருக்காவது எப்போதாவது பண உதவி செய்தீர்களா என்றும் அதே பிரிவில் கேள்வி இருக்கிறது. அம்மா அப்பா இந்தியக் குடிமக்கள் என்றால், மாதாமாதம் அவர்களுக்கு அனுப்பும் 300 டாலரும் இதில் வரும். பெற்றவர்களுக்கு அனுப்புவதை உதவி என்று யாரும் நினைப்பதில்லை, அதனால் மனசாட்சி உறுத்தாமலேயே 'இல்லை' என்று தட்டிவிடுகிறார்கள். ஆனால் கேள்வி பணம் போனதா என்பதுதான்.

அடுத்தது வரி. என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. அமெரிக்காவில் உண்டு. அங்கே வரி இல்லை என்பதால் இங்கே காட்டாமல் விட்டவர்கள் நம் வட்டாரத்தில் கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அந்தக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வட்டியும் காட்டாமல், எஃப்பாரும் போடாமல், 20ஏ பிரிவில் மட்டும் அதே கணக்கை எழுதினால், உங்கள் வரிக் கணக்கு தப்பு என்று நீங்களே அரசுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. எழுதாமல் விட்டால் பொய். தீர்வு ஒன்றுதான்: படிவத்தைத் தொடும் முன்பே நல்ல வரி ஆலோசகரைப் பிடித்துப் பழைய வருடங்களைத் திருத்துங்கள். வேண்டுமென்று செய்யாதவர்களுக்கு ஐஆர்எஸ் ஸ்ட்ரீம்லைன்டு என்ற வழியை வைத்திருக்கிறது.

26ஆம் பிரிவில் தவணை தவறிய கடன் என்று கேட்கும்போது அமெரிக்கக் கடன் என்று மட்டும் கேட்கவில்லை. ஊரில் வாங்கிய கல்விக் கடனை இங்கே வந்த பிறகு கட்டாமல் விட்டு, ஜாமீன் போட்ட அப்பா வங்கியில் தலைகுனிந்து நிற்கும் கதைகள் உண்டு. அது அமெரிக்கக் கிரெடிட் ரிப்போர்ட்டில் வராது. ஆனாலும் கேள்விக்குப் பதில் 'ஆம்' தான்.

சின்ன பாக்கிதானே, எழுதாமல் விட்டால் என்ன?

கடனோடு நின்றிருக்க வேண்டிய வழக்கு, பொய் சொன்ன வழக்காக மாறும். படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பு, 1001ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வழக்குப் போடுவது அபூர்வம், கிளியரன்ஸ் போவது அபூர்வமல்ல.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், கற்பனைதான். ஒருவருக்கு விவாகரத்தால் வந்த 31,000 டாலர் கடன். எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி, ஏற்பாடு செய்த தவணைகளின் ரசீதையும் வைத்திருக்கிறார். இன்னொருவருக்குக் கலெக்‌ஷனில் 2,800 டாலர். கேள்விக்கு 'இல்லை' என்றார். அதிகாரி நேர்காணலுக்கு வருகிறார். அவர் கோப்பில் கிரெடிட் ரிப்போர்ட் ஏற்கனவே இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதை நீட்டமாட்டார். "26ஆம் பிரிவில் சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது இருக்கிறதா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அந்தக் கேள்விதான் கடைசிக் கதவு. விடுபட்டதை, ஆதாரத்தை முன்வைக்கும் முன்பே தாமாக, உடனே திருத்தியவருக்கு விதியில் சலுகை இருக்கிறது. இரண்டாமவர் "ஒன்றும் இல்லை சார்" என்கிறார். அடுத்து வங்கியின் பெயர், கணக்கின் கடைசி நான்கு எண்கள், தேதி என்று வாசிக்கப்படுகிறது. "ஆமாம், அது ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டேன்." இனி அவர் சொல்வது திருத்தம் இல்லை, ஒப்புக்கொள்ளல்.

அந்த 2,800 டாலரை மறுநாளே கட்டிவிடலாம். பொய்யைத் தவணையில் கட்டித் தீர்க்க வழியில்லை. 31,000 டாலர்க்காரருக்கு வாய்ப்பு அதிகம்.

இந்தத் துறையின் மிகப் பெரிய தீர்ப்பிலேயே மறைப்பு இருக்கிறது. கடற்படைத் துறை எதிர் ஈகன் என்ற வழக்கில் 1988ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில், டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தவர் ஈகன். குற்றத் தண்டனைகள் இருந்தன என்பதோடு, வேலை விண்ணப்பத்தில் அவற்றில் இரண்டைச் சொல்லவில்லை என்பதும் அவருக்கு எதிரான காரணம். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல, சந்தேகம் என்றால் மறுக்கும் பக்கமே சாய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வைத்த கோட்பாட்டில்தான் இன்றுவரை வண்டி ஓடுகிறது.

நிஜமாகவே மறந்துபோயிருந்தால்?

மறதி பொய் ஆகாது. விதி கேட்பது வேண்டுமென்றே செய்ததா என்பதை. எழுதாமல் விட்டது மட்டுமே நோக்கத்தை நிரூபிக்காது. வயது, படிப்பு, இந்தப் படிவத்தில் முன்அனுபவம், மற்ற பதில்கள் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஐந்து பாக்கிகளில் நான்கை எழுதி ஒன்றை விட்டவர் மறந்திருக்கலாம். எதையுமே எழுதாதவர், அதே மாதம் அந்தக் கடன்காரர்களில் ஒருவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தால் மறதி என்று நம்ப வைப்பது கடினம். தொகையோ தேதியோ சரியாகத் தெரியாவிட்டால், தோராயம் என்று குறிக்கப் படிவத்திலேயே இடம் உண்டு.

"அதெல்லாம் எழுத வேண்டாம்" என்று ரெக்ரூட்டர் சொன்னார். அது போதாதா?

போதாது. வக்கீலோ, பாதுகாப்பு நடைமுறைகளைச் சொல்லித்தரும் பொறுப்பில் இருப்பவரோ தவறாக வழிகாட்டினால் அது தணிக்கும் காரணம். உண்மை தெரிந்தவுடன் நீங்கள் முழுதாகச் சொல்லியிருக்கவும் வேண்டும். ஆள் சேர்த்தால் கமிஷன் கிடைக்கும் ரெக்ரூட்டர் அந்த இடத்தில் இல்லை. ஏற்கனவே கிளியரன்ஸ் வாங்கிய நண்பரும் இல்லை.

மனைவிக்குத் தெரியாத கடன் இருக்கிறது. படிவத்தில் எழுதினால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

படிவம் வீட்டுக்கு வராது. ஆனால் வீட்டில் மறைக்கிறீர்கள் என்பதே இங்கே பிரச்சினை. வெளியே தெரிந்தால் குடும்பம் உடையும் என்ற பயம் உள்ளவரை மிரட்டிக் காரியம் சாதிக்கலாம் என்பது உளவுத்துறைகளின் பழைய பாடம். ஆன்லைன் பெட்டிங்கில் விட்ட பணத்தை மறைப்பவர்களுக்கு விதி இரட்டைப் பூட்டுப் போடுகிறது: சூதாட்ட நஷ்டத்தைக் குடும்பத்திடம் மறைப்பது எஃப் பிரிவிலேயே தனிக் குற்றச்சாட்டு. நேர்காணலுக்கு முன் வீட்டில் சொல்லிவிடுவதுதான் நல்லது.

கடன் சம்பந்தமில்லாத பழைய பொய்கள்?

செய்யாத வேலையை ரெஸ்யூமேயில் ஏற்றியது, டைம்ஷீட்டில் வேலை செய்யாத மணிக்கணக்கை எழுதியது, வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் வருமானத்தை ஊதிக் காட்டியது எல்லாம் கேள்விக்குள் வரும். கன்சல்டன்சி காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. எத்தனை வருடம் முன்பு, எந்த வயதில், மறுபடி நடந்ததா, இன்று அதைப் பற்றி உண்மையைச் சொல்கிறீர்களா என்று முழு ஆளையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இருபத்து மூன்று வயதில் செய்ததை நாற்பதில் நேராகச் சொல்பவருக்கு வழி இருக்கிறது.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகு நிம்மதியா?

முன்பு சீக்ரெட்டுக்குப் பத்து வருடம், டாப் சீக்ரெட்டுக்கு ஐந்து வருடம் என்ற இடைவெளியில் மறுவிசாரணை வரும். இப்போது தொடர் கண்காணிப்பு. உங்கள் கிரெடிட், கைது, நீதிமன்றப் பதிவுகளைக் கணினி அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கணக்கு கலெக்‌ஷனுக்குப் போனால் அடுத்த மறுவிசாரணை வரை யாருக்கும் தெரியாது என்ற காலம் போய்விட்டது.

நீங்களாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. திவால் மனுவும், 120 நாள் தாண்டிய எந்தக் கடனும் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டியவை. டாப் சீக்ரெட் வைத்திருந்தால் வழக்கத்துக்கு மாறாக 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்த பணத்தையும் சொல்ல வேண்டும். தாத்தா நிலத்தை விற்று வந்த பங்கு என்றாலும் சரி. பத்திர நகலையும் வங்கிப் பரிமாற்றச் சீட்டையும் பத்திரப்படுத்தி வையுங்கள். ஏம்ஸும் மாமனார் வீட்டுப் பணம் என்றுதான் சொன்னார், காகிதம் கேட்க ஆள் இல்லை.

குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் வழக்கு டோஹா என்ற விசாரணை அலுவலகத்துக்குப் போகும். நோட்டீஸில் எஃப், இ என்று பிரித்து, ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு பொய்யும் தனித்தனி வரியாக இருக்கும். பதில் தர 20 நாள். வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத வேண்டும். மொத்தமாக மறுத்துவிட்டுப் பிறகு நீதிபதி முன் ஒப்புக்கொண்டால், அந்த மறுப்பே உங்கள் நம்பகத்தைக் குறைக்கும்.

எழுத்திலேயே முடிவு கேட்கலாம், நேரடி விசாரணையும் கேட்கலாம். கடனோடு பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டும் இருந்தால் நேரடி விசாரணையைக் கேளுங்கள் என்பேன். நீங்கள் எதற்காக எழுதாமல் விட்டீர்கள் என்பதைக் காகிதம் சொல்லாது, எதிரே உட்கார்ந்து பேசும்போதுதான் நீதிபதி எடைபோட முடியும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காட்டுவது அரசின் வேலை. அதன் பிறகு தணிக்கும் காரணங்களைக் காட்டுவது உங்கள் வேலை. கடன் வாரியாக ஒரு ஃபைல், அதில் ரசீதுகள், கடன்காரரின் கடிதம், மாத வரவுசெலவுப் பட்டியல், உங்கள் மேலதிகாரியின் கடிதம் என்று அடுக்கிக்கொண்டு போங்கள். இந்த அலுவலகத்தின் தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் வெளியாகின்றன. உங்கள் மாதிரியான வழக்குகளில் பத்தைப் படித்தாலே நீதிபதி எதைத் தேடுகிறார் என்று பிடிபடும்.

தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். புது ஆதாரத்தை அங்கே ஏற்கமாட்டார்கள், எனவே ரசீதுகளை அதற்காக மிச்சம் வைக்காதீர்கள். மறுப்பு உறுதியானால், முதல் பாதகமான முடிவின் தேதியிலிருந்து ஒரு வருடம் கழித்து, அனுப்பும் நிறுவனம் ஒன்று கிடைத்தால், மறுபடி முயலலாம். அந்த ஒரு வருட ரசீதுகள் அப்போது கேட்கப்படும்.